உப்பு ஏறும்வரை

கடலில் உப்பைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு கை. இன்னொரு கை.

சமையலுக்கு வைத்திருந்த கல்லுப்பு. ஜாடியோடு தூக்கி வந்திருந்தாள்.

முழங்கால் அளவுத் தண்ணீர். ஆறு கொண்டுவந்த செம்மண் நிறம்.

குனிந்து, விரலை நனைத்து, நாக்கில் வைத்தாள்.

உப்பே இல்லை.

மீன் பாரத்தோடு வந்த வள்ளம் இங்கேதான் அமிழ்ந்தது. ஆறு கடலில் சேரும் இந்த இடத்தில். கடல் தாங்கிய பாரத்தை வெள்ளத் தண்ணீர் தாங்கவில்லை.

மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள்.

அவள் கணவன் ஏறவில்லை.

கடலில் மல்லாந்து மிதக்கிறவன் அவன். கை கால் அசைக்க மாட்டான். கடல் அவனை ஏந்தி வைத்திருக்கும்.

தேடப் போன கொழுந்தன் காலையில் திரும்பி வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"ஆத்துத் தண்ணி கடல் மேல படுத்துக் கெடக்கு, மதினி. உப்பில்லாத தண்ணி ஆளைத் தூக்காது. குளிர்ந்து வேற போச்சு. வெயில் அடிக்கணும், உப்பு ஏறணும். அப்பதான் அண்ணன்..."



உயிரோடு வேண்டும் என்று ஜெபிப்பதை அவள் விட்டுவிட்டாள்.

உடல் போதும், மாதாவே.

உடல் வராமல் துக்க மணி அடிக்க மாட்டார்கள். குழி வெட்ட மாட்டார்கள். கல்லறைத் திருநாளில் ஊரெல்லாம் மெழுகுவத்தி ஏற்றும்போது அவள் எந்த மண்ணில் ஏற்றுவாள்?

மறுபடியும் தூறியது.

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? கடலுக்கு எவளாவது உப்புப் போடுவாளா? கரையேறு."

பக்கத்து வீட்டு ரெஜீனா, கரையில் நின்று கத்தினாள்.

அவள் திரும்பவில்லை.

"இந்தத் தண்ணியில ஒடம்பு எழும்பாதாம், அக்கா."



ரெஜீனாவின் மகனுக்கும் கல்லறை இல்லை. போன வருஷப் புயலில், கலங்கரை விளக்கத்துக்கு அப்பால் போனவன்.

ரெஜீனா வீட்டுப் பக்கம் நடந்துவிட்டாள்.

ஜாடி தீர்ந்தது. கவிழ்த்துத் தட்டினாள். கழுவி, அந்தத் தண்ணீரையும் ஊற்றினாள்.

செம்மண் நிறம் அப்படியே இருந்தது. அலை அப்படியே வந்தது.

கொட்டுவதற்கு இனி ஒன்றும் இல்லை. ஆனாலும் கரையேறத் தோன்றவில்லை.

பின்னால் தண்ணீர் சலசலத்தது.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரெஜீனா இறங்கி வந்தாள். இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் வாளி. கருவாட்டுக்கு வைத்திருந்த உப்பு.

"எங்க வீட்டுல இவ்வளவுதான் இருந்துச்சு."

இருவரும் அள்ளிக் கொட்டினார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கடைசிக் கை உப்பை ரெஜீனா அள்ளினாள்.

கொட்டவில்லை.

ரெஜீனாவின் பார்வை தெற்கே போயிருந்தது. மழையில் கலங்கரை விளக்கம் மங்கலாகத் தெரிந்தது.

மூடிய விரல்களுக்கு இடையில் உப்பு கரைந்து வழிந்தது.

அவள் ஜாடியைத் தண்ணீரில் விட்டாள். நனையாமல் ரெஜீனாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்தினாள்.

"நடங்க, அக்கா. கரையிறதுக்குள்ள அங்க போயிருவோம்."