ஓடுபாதை

"புல்வெட்டும் இன்ஜினை வைத்துப் புல் வெட்டுவது மனிதகுலத்துக்கே அவமானம்" என்று அறிவித்த கௌதம்ராஜ், வீட்டுப் புல்வெட்டும் மெஷினின் இன்ஜினைக் கழற்றித் தான் செய்த குட்டி விமானத்தின் மூக்கில் பொருத்தினான்.

"ஏலே, சோழபுரம் தோட்டத்துல முட்டளவு புல்லு நிக்கி. இனி எதை வச்சு வெட்ட?" என்றார் அவன் அம்மா, அலுப்புடன்.

"அருவாளை வச்சு வெட்டுங்க. விஞ்ஞானிக்கு அதுவா வேலை?"

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரிகளுக்கான குட்டி விமானப் போட்டி. ஒருமுறையாவது பறக்கவிட்டுப் பார்க்க, அவனும் அவன் நண்பனான நானும் விமானத்தோடு தோட்டத்துக்குப் போனோம். சக்கரம் உருள வெறுந்தரையே இல்லை.

"மெஷினைக் கொண்டா லே, ஓடுபாதை வெட்டிருவோம்" என்றேன்.

கௌதம் விமானத்தின் மூக்கையே பார்த்தான். பிறகு தோட்டத்தில் நின்ற அம்மாவிடம் போனான்.

"அம்மா, அருவா எங்க?"

"பம்புசெட்டுல. அப்படியே வரப்பு வரைக்கும் வெட்டிரு."

விஞ்ஞானி குனிந்தார்.