கொக்கு டாக்டரின் வாசல்

காட்டு ஆஸ்பத்திரியில் முள் எடுப்பது கொக்கு டாக்டர். அதன் வாசலில் தொடங்கும் வரிசை ஆற்றங்கரை வரை நீண்டிருந்தது. கால் சீழ்பிடித்த மான் ஒன்று நின்றபடியே தூங்கி விழுந்துகொண்டிருந்தது.

"இந்த வரிசையை ஒழித்துக் கட்டு" என்று கீரியை அனுப்பியது காட்டை ஆளும் புலி. அதன் காலிலும் முள் குத்துவதுண்டு. குத்தினால் வந்து ஓர் உறுமல் உறுமும், எல்லோரும் ஒதுங்குவார்கள், நேரே உள்ளே போய்விடும்.

கீரி வரிசையில் நின்றவர்களிடம் போய் விசாரித்தது.

"முள் இருக்கு. ஆனா இன்னைக்கு எடுக்க மாட்டாங்க. என்னைக்கு எடுப்பாங்கன்னு கேக்கத்தான் வந்தேன்" என்றது முயல். ஆமையும் அதற்குத்தான் வந்திருந்தது. முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

"முள்ளை எடுக்க எவ்வளவு நேரமாகும்? இவங்களுக்குப் பதில் சொல்லியே என் பொழுது போகுது" என்று அலுத்துக்கொண்டது கொக்கு.

அன்று மாலையே கீரி காக்கையை அழைத்தது. மறுநாள் யார் யார் வரவேண்டும் என்று காக்கை காடு முழுக்கக் கத்திவிட்டு வந்தது. முதல் பெயர் மானுடையது. தங்கள் பெயர் காதில் விழுந்தவர்கள் மட்டும் வந்தார்கள். கொக்கு பகல் முழுக்க முள் மட்டுமே எடுத்தது. மான் துள்ளிக்கொண்டு வீடு திரும்பியதைக் காடே பார்த்தது.

மழைக்காலம் முடிவதற்குள் வரிசை வாசல் வரை சுருங்கியது. பிறகு வாசலிலும் இல்லை.

ஒரு நாள் புலி நொண்டிக்கொண்டு வந்து, வழக்கம்போல் உறுமியது. ஒதுங்க அங்கே ஆளே இல்லை.

கொக்கு எட்டிப் பார்த்தது.

"உறும வேண்டாங்க. இப்போ எல்லாருமே நேரா உள்ளதான் வர்றாங்க."