முதலில் வரும் முகம்

"பாப்பா, ஜெயங்கொண்டம் முந்திரின்னு தேடினா நம்ம கம்பெனிதானே மொதல்ல வருது?"

"மூணு மாசம் முட்டி மோதி கொண்டாந்துட்டேன்க்கா," என்றாள் வெப்சைட் செய்து கொடுத்த பிரவீணா.

"ஒன் கம்ப்யூட்டர நம்ப மாட்டேன். அரியலூர் போயி நெட் சென்டர்லயும் பாத்தேன். அங்கயும் நாந்தான் வர்றேன்."

ஆண்டாயி திரையையே பார்த்தாள். அதில் அவள் தன் சொந்த முந்திரி ஆலையின் வாசலில் சிரித்துக்கொண்டு நின்றாள். கனவில் வேறு யாரையோ பார்ப்பது போலிருந்தது.

"போன் நம்பரும் விலாசமும் சொல்லுங்க, போட்டுடறேன்."

"வேணாம்."

"அப்புறம் எப்படிக்கா ஆர்டர் வரும்? டுபாக்கூர் கம்பெனின்னு நெனைப்பாங்க."

"நெனச்சுக்கட்டும். மும்பைல ஒரு முந்திரி யாவாரி இருக்கான். தெனம் காலையில கம்ப்யூட்டர்ல நம்மூரு சரக்கத் தேடிட்டுத்தான் மத்த வேலயாம்."

"அவருக்காவது நம்பர் வேணுமே?"

ஆண்டாயி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கூலிக்குக் கொட்டை ஒடைக்கிறவளக் கூட்டிட்டுப் போனா அசிங்கம்னு, பதினெட்டு வருசம் முன்னாடி என்னை வுட்டுட்டுப் போன புருசன் அவன். தெனம் மொதல்ல என் மொகத்தப் பாக்கட்டும். சரக்க ரெண்டாவதா வர்றவன்கிட்ட வாங்கிக்கட்டும்."