பதிவு எண் இல்லாதவள்

ஊர் அவளை மனைவி என்று சொல்லும். அரசாங்கத் தாள் சொல்லாது. புருஷனை எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்த பின்னும், விதவை என்று எந்தப் பட்டியலும் அவளைச் சேர்த்துக்கொள்ளாது. தாலி கட்டிக்கொண்டும் பதிவில்லாமல் நிற்கும் இப்படிப்பட்ட பெண்களுக்காக எவரும் கொள்கை வகுப்பதில்லை. ஜெயமணி அவர்களில் ஒருத்தி.

மெர்லிமாவ் மண்டபத்தில் அன்று நல்ல கூட்டம். தமிழர் சங்கத்தின் தேசியத் தலைவர் தேர்தலில் நிற்கும், அரசின் டத்தோ பட்டம் பெற்ற சாமிநாதன் தம் சமூக, பொருளாதாரத் திட்டங்களை விளக்க வந்திருந்தார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முப்பது பாலர் பள்ளிகள், இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி, விதவைகளுக்கு மாத உதவி.

அத்தனையும் எழுதிக் கொடுத்தவள் பவானேஸ்வரி. ஆயர் குரோ கல்லூரியில் விரிவுரையாளர். விதவை நிதிக்குப் பெயர் பதியும் மேசையிலும் அன்று அவளே உட்கார்ந்திருந்தாள்.

"திருமணப் பதிவு எண் எங்க?"

"இல்ல டீச்சர்," என்றாள் ஜெயமணி. அவள் சேலையைப் பிடித்தபடி நான்கு வயது மகன் நின்றான்.

"ரெஜிஸ்டர் பண்ணலியா?"

"கோயில்ல தாலி கட்டினாரு."

"தாலி மட்டும் போதுமா? இந்தக் காலத்துலயுமா இப்படி இருப்பீங்க?"

பக்கத்து வரிசையில் நின்ற மருதமுத்து சிரித்தார். "ஜோடிச்ச காருக்கும் மேளத்துக்கும் காசு இருக்கும். ஆபீசுக்குப் போக மட்டும் நேரம் இருக்காது லா, நம்ம ஆளுங்களுக்கு."

பவானேஸ்வரி அவரைக் கண்டிக்கவில்லை. அவள் மனத்தில் இருந்ததைத்தான் அவர் சொன்னார்.

கேள்வி நேரம் வந்தது. ஜெயமணி எழுந்து மைக்கை வாங்கினாள்.

"டத்தோ, கோயில்ல கல்யாணம் முடிஞ்சி, பதிவு இல்லாம புருஷன் செத்துட்டா, அந்தப் பொம்பளைக்கு உங்க திட்டத்துல எடம் இருக்கா?"

சாமிநாதன் அவளைக் கூர்ந்து பார்த்தார். பிறகு புன்னகைத்தார்.

"தங்கச்சி, சட்டம்னு ஒன்னு இருக்கு. நம்ம ஆளுங்க அலட்சியமா இருந்துட்டு, அப்புறம் சங்கத்துகிட்ட வந்து அழுதா என்ன செய்ய முடியும்? நான் தலைவரானா திருமணப் பதிவு விழிப்புணர்வு இயக்கத்தை ஊர் ஊரா கொண்டு போவேன்."

மண்டபம் கை தட்டியது. பவானேஸ்வரியும் தட்டினாள், தட்டிவிட்டு, அதை நான்காவது திட்டமாகக் குறித்துக்கொண்டாள்.

கூட்டம் முடிந்து எல்லாரும் மீஹூன் தட்டுகளோடு நின்றபோது, ஜெயமணி மட்டும் படியோரம் நின்றாள். பவானேஸ்வரிக்கு மனம் கேட்கவில்லை. அருகில் போனாள்.

"கோவிச்சுக்காத. ஆனா இவ்வளவு முக்கியமான காரியத்த எப்படிம்மா விட்டீங்க?"

"விடல டீச்சர். எங்க கோயில்லயே கல்யாணம் பதியற துணைப் பதிவாளர் ஒருத்தர் இருந்தாரு. கல்யாணத்தன்னிக்கு, கழுத்துல மாலையோடவே பதிவுப் பாரத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஆபீசுக்கு அனுப்பிடறேன், சர்ட்டிபிகேட் வரும்னாரு. வருசம் திரும்பல, எங்க வீட்டுக்காரரு ஓட்டின லோரி கவுந்திருச்சி. நான் அப்ப ஆறு மாசம். வேலையில செத்தவங்க குடும்பத்துக்குத் தர்ற சொக்சோ பென்சன் கேக்கப் போனப்பதான் தெரிஞ்சது, பாரமே போகலன்னு."

"அந்த ஆள் மேல புகார் கொடுக்கலாமே?"

"புகாரெல்லாம் வேணாம் டீச்சர். பாரத்த நான்தான் வாங்கினேன், அனுப்பாம விட்டுட்டேன்னு அவர் ஒரு கடிதம் கொடுத்தா போதும். அத வச்சி கோர்ட்ல கேட்டுப் பாக்கலாம்னு லாயர் சொன்னாரு. வீட்டுக்கு மூணு தடவ போனேன். பாக்க விடல. அதான் இங்க வந்தேன்."

"இங்க எதுக்கு?"

ஜெயமணி மேடையைப் பார்த்தாள். டத்தோ தம் மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

பவானேஸ்வரியும் மேடையைப் பார்த்தாள். "மைக்லயே சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"சொல்லி அவரு தோத்துட்டா, அப்புறம் எனக்குக் கடிதம் கொடுப்பாரா?"

"நான் வாங்கித் தரேன்," என்றாள் பவானேஸ்வரி. அந்தக் கணத்தில் அது பொய்யில்லை.

அவள் போய்க் கேட்டபோது சாமிநாதன் மறுக்கவும் இல்லை. "அந்த வருசம் நாப்பது கல்யாணம்மா. அதுல ஒன்னு விட்டுப்போச்சு. இப்ப எழுதிக் கொடுத்தா எதிரணிக்காரன் வாட்சாப்புல போட்டு என்னைக் கிழிச்சிருவான். நான் தோத்தா, உன் முப்பது பாலர் பள்ளியும் போச்சு. தேர்தல் முடியட்டும்."

ஒருத்தியா, முப்பது பள்ளிகளா? பவானேஸ்வரி இரண்டையும் தராசில் வைத்தாள். படித்தவர்கள் பிடிக்கும் தராசு பெரும்பாலும் அவர்களுக்குத் தோதான பக்கமே சாயும்.

ஜெயமணி இரண்டு முறை அழைத்தாள். "கொஞ்சம் பொறு ஜெயமணி," என்று பதில் வந்தது. மூன்றாம் முறை பவானேஸ்வரி போனை எடுக்கவில்லை.

சாமிநாதன் வென்றார். முப்பது பள்ளிகளில் மூன்று திறந்தன. கடிதத்தைப் பற்றிப் பவானேஸ்வரி ஒரே ஒரு தரம் நினைவூட்டினாள்.

"இப்ப பதவியில இருக்கேன்மா," என்றார் அவர். "இப்ப போய் எப்படி எழுதறது?"

அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. விதவை நிதிக் குழுவுக்கு அவளைத் தலைவியாக அவர் நியமித்த வாரம் அது.

ஜெயமணி பென்சன் ஆசையை விட்டுவிட்டு, சங்கத்தின் விதவை நிதியாவது கிடைக்குமா என்று விண்ணப்பித்துப் பார்த்தாள். அதுவும் திரும்பி வந்தது. அவள் இப்போது பாயா ரும்புட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் மங்கும் தட்டும் கழுவுகிறாள்; 'விண்ணப்பதாரரின் அலட்சியம்' என்று காரணம் காட்டி அவளைத் தள்ளிய கடிதத்தில் இருப்பது பவானேஸ்வரியின் கையெழுத்து.