கிறிஸ்மஸ் பிள்ளை

அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எழுந்தாள். கையிலிருந்த பரிசுப் பொட்டலத்தில் கனமே இல்லை. மினுக்குத் தாளுக்குள் ஒரே ஒரு காகிதம்தான்.

பள்ளிக்கூட ஹாலில் மற்ற ஆசிரியர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நாளையிலிருந்து கிறிஸ்மஸ் விடுமுறை. வருடா வருடம் டிசம்பர் பிறந்ததும் இங்கே சீட்டுக் குலுக்குவார்கள். சீட்டை எடுப்பவர் தாய். சீட்டில் பெயர் உள்ளவர் பிள்ளை. பெரிய மீசை வைத்த தமிழய்யாவும் தாய்தான். தாய் யாரென்று பிள்ளைக்குத் தெரியக் கூடாது. கடைசி நாளில் தாய் எழுந்து, பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பரிசைக் கொடுக்க வேண்டும்.

சீட்டை மாற்றிக்கொள்ளக் கூடாது. அது சட்டம்.

அவளுக்குக் கொடுக்கப்பட்ட பிள்ளை ஞானதுரை. விளையாட்டு ஆசிரியர். வயது ஐம்பத்திரண்டு.

ஜூலை மாதம் காலை ஜெபத்தில் பேசினாள் என்று அவள் மகள் பெனிட்டாவை அறைந்தவர். ஏழாம் வகுப்புப் பிள்ளை. ஒரே அறை. செவிப்பறை கிழிந்தது.

பேசியது பெனிட்டா இல்லை. பின்னால் நின்றவள்.

அதற்குப் பிறகு எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். ஹெச்.எம். வந்தார். போதகர் வந்தார். கமிட்டிக்காரர்கள் ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கி வந்தார்கள். நாம் கிறிஸ்தவர்கள் அல்லவா என்றார்கள். வெளியே தெரிந்தால் பள்ளிக்குத்தான் கெட்ட பெயர் என்றார்கள். மன்னித்துவிடம்மா, ஜெபித்துக்கொள்வோம் என்றார்கள்.

அறைந்தவர் மட்டும் வரவில்லை.

வராதவரை எப்படி மன்னிப்பது என்று கேட்டாள். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சற்று முன் போதகர் தேவசெய்தி கொடுத்தார். கிறிஸ்மஸ் என்பதே பரிசுதான் என்றார். நாம் சம்பாதித்தது அல்ல, நமக்கு அதற்குத் தகுதியும் இல்லை. நாம் கேட்கும் முன்பே தேவன் தம் மகனைத் தந்துவிட்டார். கையை நீட்டி வாங்கிக்கொள்வது ஒன்றுதான் நம் வேலை. முழுக்க முழுக்க இலவசம்.

ஞானதுரை கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னார்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

இலவசமாம்.

வாங்குகிறவனுக்கு இலவசம். கொடுத்தவருக்கு? பெற்ற பிள்ளையை மனிதர்கள் கையில் அடிவாங்க விட்டவருக்கு அது இலவசமா? அவரையாவது ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. தெரிந்தே கொடுத்தார். என்னை யார் கேட்டார்கள்? என் பிள்ளையின் காதைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதையும் நான் சிரித்த முகத்தோடு கொடுத்துவிட்டதாக ஊருக்குச் சொல்லப் பார்க்கிறார்கள்.

இத்தனையும் தொண்டை வரை வந்தது.

பெயரை மட்டும் சொன்னாள்.

கைதட்டல் பாதியில் நின்றது. அவள் சீட்டில் வந்தது யார் என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

ஞானதுரை எழுந்து வந்தார். முகத்தில் சிரிப்பு. விவகாரம் ஒருவழியாக முடிந்தது என்று நினைத்திருப்பார். பொட்டலத்தை வாங்கினார். பிரித்தார்.

பெனிட்டாவின் காது பரிசோதனை ரிப்போர்ட். ஒரு காதின் கோடு மேலே நேராகப் போகிறது. இன்னொரு காதின் கோடு கீழே விழுந்து கிடக்கிறது.

தலையைத் தூக்காமல் கேட்டார்.

"எந்தக் காது டீச்சர்?"

ஐந்து மாதம். பள்ளி வராண்டாவில் தினமும் எதிரும் புதிருமாக நடந்திருக்கிறார்கள். எந்தக் காது என்றுகூட இந்த மனிதருக்குத் தெரியாது.

இடது என்றாள்.

அவர் தன் வலது கையைப் பார்த்தார்.

ஹெச்.எம். பாட்டு டீச்சருக்குச் சைகை காட்டினார். கீபோர்டு தொடங்கியது. எல்லாரும் அவசர அவசரமாகக் கைதட்டிப் பாடினார்கள். இந்தப் பள்ளிக்கூடத்தில் எதையும் மூடிவிட ஒரு பாட்டுப் போதும்.

ஞானதுரையின் வாய் அசைந்தது. ஏதோ சொன்னார். பாட்டில் அது அமுங்கிப்போயிற்று. சொல்லியாகிவிட்டது என்ற நிம்மதியில் நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

அவள் விடவில்லை.

"கேக்கல சார். சத்தமாச் சொல்லுங்க."

பாடியவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியில் கீபோர்டும் நின்றது. போதகர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞானதுரை நின்ற இடத்திலேயே, கடைசி நாற்காலி வரை கேட்கும்படி சொன்னார். அடித்தது தப்பு என்றார். பெனிட்டா பேசவில்லை என்பது அன்றைக்கு மத்தியானமே தனக்குத் தெரியும் என்றார். தெரிந்ததால்தான் வீட்டுப் பக்கம் வர முகமில்லை என்றார்.

அன்றைக்கு மத்தியானமே.

அவளுக்குக் கோபம் இறங்கவில்லை. இன்னும் ஏறியது. கன்னத்தில் ஒன்று விட்டால் என்ன என்று கை துறுதுறுத்தது. யாரும் தடுக்கப் போவதில்லை. அவர்கூடத் தடுக்க மாட்டார்.

அவர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் போனார். பை வாய் அகப்படவில்லை.

அவள் கிட்டே போனாள். கை நீண்டது.

"அதக் குடுங்க சார். இனி உங்க கணக்குல வேண்டாம். நானே வச்சுக்கிடுதேன்."