வரியில்லா வரம்பு

“இந்த முறையும் பிந்திப்போச்சு, பிள்ளை. எங்கடை மகன் சுபாங்கன்ரை கணக்கு ஒரு வருசமும் நேரத்துக்குப் போனதில்லை” என்றார் பஞ்சலிங்கம். கரவெட்டியிலிருந்து பஸ் ஏறி வந்த களைப்போடு கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தின் மேல்மாடியில் இருந்தது அந்தச் சின்ன அலுவலகம். ரொறன்ரோக் கணக்காளர் ஒருவருக்காக, கனடாவில் இருக்கும் நம்மவர்களின் வருமான வரிக் கணக்குகளை ஆரபி இங்கிருந்தே செய்து அனுப்புவாள்.

“பயப்பிடாதேங்கோ ஐயா. மற்றவைக்கு ஏப்பிரலோடை முடிஞ்சுது. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கு.”

ஏன் என்று அவர் கேட்கவில்லை. பக்கத்தில் அவருடைய மனைவி மீனாம்பிகை, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு கணினியின் பின்பக்கத்தையே பார்த்தபடி இருந்தார்.

“மகன் தனியாள்தானே, ஐயா?”

“ஓம். அளவெட்டியிலை ஒரு இடம் பேசினனாங்கள். சரிவரேல்லை.”

“வேலை?”

“ரெண்டு. பகலிலை ஒரு ஸ்ரோரிலை. பின்னேரத்திலை வீடு வீடாச் சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கிறது. வாடகை கூடிப்போச்செண்டு அதையும் எடுத்தவன். கார்த்திகையோடை ரெண்டும் நிண்டிட்டுது.”

ஆரபி அவரை நிமிர்ந்து பார்க்காமலே தட்டச்சு செய்தாள். கீழே யாரோ பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தார்.

“உழைக்கிறதிலை ஒரு குறிச்ச தொகைக்கு கனடா மத்திய அரசு வரி எடுக்காது, ஐயா. சாமான் விலை ஏற ஏற, அந்தத் தொகையையும் வருசாவருசம் கூட்டுவினம். இந்த முறையும் கூட்டியிருக்கினம்.”

“அவன் வருசம் முழுக்க வேலை செய்யேல்லையே. அதுக்கேத்தமாதிரி வெட்டுவினமோ?”

“இல்லை, முழுசாவே கிடைக்கும். கட்டின வரியிலை கொஞ்சம் திரும்பியும் வரும்.”

பஞ்சலிங்கம் தலையாட்டினார். அது நல்ல செய்திதான் என்பது அவருக்குப் புரிந்தது. முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

“மகனுக்குப் பதிலா நான் கையெழுத்து வைக்கலாமோ?”

“ஓம், நீங்கள்தான் வைக்கவேணும்.”

அவர் பேனையை எடுத்து, காட்டிய இடத்தில் மெதுவாகக் கையெழுத்து வைத்தார்.

அப்போதுதான் மீனாம்பிகை வாய் திறந்தார். “பிள்ளை, வாற வருசமும் கூட்டுவினமே?”

விசைப்பலகையில் ஆரபியின் விரல்கள் நின்றன. “ஓம் அம்மா. விலை ஏறினால் கூட்டுவினம்.”

“அப்ப அந்த ரெண்டாவது வேலையை விடச் சொல்லலாம்.” மீனாம்பிகையின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. “என்னோடை கதைக்கேக்கையே தூங்கி விழுவான். அந்த நித்திரையோடைதான் காரை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுறவன். உந்த வேலையை விடு எண்டு நான் சொன்னால் கேப்பான்.”

ஆரபி பஞ்சலிங்கத்தைப் பார்த்தாள். அவர் பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகினார். மனைவியின் தோளிலிருந்து நழுவியிருந்த சேலைத் தலைப்பை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டார். வரியைப் பற்றிக் கேட்ட அதே குரலில் சொன்னார்.

“சுபாங்கன் செத்துப்போனானெல்லே, மீனா.”