சாக்குப் போட்ட கூடை

வடிவம்மையின் கருப்புப் பெட்டைக்கு இடக்கண் வீங்கி, இமைகள் சீழில் ஒட்டிக்கொண்டன. மறுநாள் இன்னொரு கோழியும் கண்ணைத் திறக்கவில்லை. கால்நடை மருத்துவர் களிம்பு கொடுத்து, "இது ஒட்டுவாரொட்டிம்மா, பிரிச்சு வைங்க" என்றார்.

எங்கிருந்து ஒட்டியது? பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் போன மாதம் சந்தையில் ஒரு செவலைக் கோழி வாங்கியிருந்தாள். ஒரு வாரமாக அது வெளியே வரவேயில்லை. அவள் கொல்லையில் ஒரு கூடை சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. சுவருக்கு மேலாக விசாரித்தபோது, "அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு" என்று இசக்கியம்மாள் சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

இன்று அவள் ரேஷன் கடைக்குக் கிளம்பியதைப் பார்த்ததும், களிம்பு தடவிக்கொண்டிருந்த கோழியை அப்படியே விட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், வடிவம்மை அந்தக் கொல்லைக்குள் நுழைந்து சாக்கைத் தூக்கினாள். செவலைக் கோழி சிலிர்த்துச் சீறியது. அதன் தலையைப் பிடித்து, கட்டைவிரலால் இமையை விலக்கிப் பார்த்தாள். பிறகு மறு கண்ணையும் பார்த்தாள். இரண்டும் பளிங்குபோல் இருந்தன. வயிற்றடியில் முட்டைகள். இசக்கியம்மாள் அடை வைத்திருக்கிறாள்.

கையை எடுத்தபோது கோழியின் இமையோரத்தில் மஞ்சளாக ஏதோ பிசுபிசுத்தது; அவள் கட்டைவிரலிலும் அதே மஞ்சள்.

"யக்கா, அடைக்கோழிய ஏன் தொடுதிய?" கார்டை மறந்துவிட்டுத் திரும்பிய இசக்கியம்மாள் பின்னால் நின்றாள். "யார் கண்ணும் பட்டுறக் கூடாதுன்னுல்லா மூடி வச்சேன்."

வடிவம்மை கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"இசக்கி, அந்தக் கோழிக்கு..." என்று வாயெடுத்தவள், "கண்ணு நல்லா இருக்குட்டி" என்று முடித்தாள்.